காயல்பட்டினத்துக்குப் போன ஹார்ட் டிஸ்க்

பத்து வருஷமாக எங்கள் வீட்டில் உழைத்த லேப்டாப், ஒரு வியாழக்கிழமை காலையில் 'டிக், டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் அப்போது பதினோராம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு விலங்கியல் வினாத்தாள் தயாரித்துக்கொண்டிருந்தேன். பல்லி என்று நினைத்து மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பல்லி இல்லை. குனிந்து காதை வைத்துக் கேட்டால், சத்தம் லேப்டாப்பின் வயிற்றுக்குள்ளிருந்து வந்தது. மனித இதயத்தின் அறைகளைப் பற்றிய ஐந்து மதிப்பெண் கேள்வியைப் பாதி எழுதிய இடத்திலேயே திரை உறைந்து நின்றுவிட்டது.

அதற்கு ஏற்கெனவே பல வியாதிகள் உண்டு. மூடியின் கீல் ஒரு பக்கம் உடைந்துபோனதால் சுவரில் சாய்த்து வைத்தால்தான் திரை நிமிர்ந்து நிற்கும். உள்ளே விசிறி சுற்றும்போது விசைப்படகு கிளம்புவது மாதிரி இருக்கும். கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் இந்தக் கொடுமையைப் பார்க்கப் பொறுக்காமல் இரண்டு வாரம் முன்பே புது லேப்டாப் ஒன்றை அனுப்பியிருந்தாள். தேர்வெல்லாம் முடியட்டும் என்று அதைப் பெட்டியோடு பீரோ மேலே வைத்திருந்தேன்.

என் கணவர் துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வையாளர். அன்று அவருக்கு மதிய ஷிப்ட். ஸ்டூல் போட்டு ஏறி, புதுப் பெட்டியை இறக்கிப் பிரித்து, உள்ளே இருந்ததை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஏளா, அப்பளம் கணக்கா இருக்கு. புது மருமகன் மாதிரி. பாக்க ஜோரா இருக்கான். நம்ம வீட்டப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது."

அவர் சொன்னது சரிதான். பழையதற்குத்தான் எங்களைப் பற்றி எல்லாம் தெரியும். மகளின் பள்ளிக்கூடப் படங்கள், என் அப்பாவின் எண்பதாவது பிறந்தநாள் வீடியோ, பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடக் குறிப்புகள், கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவுக்காக நான் தட்டி வைத்த பாட்டுகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், செத்துப்போன எங்கள் நாயின் முந்நூறு படங்கள். எதற்கும் வேறு பிரதி கிடையாது. வருஷா வருஷம் மாணவிகளிடம், "ஒரே நோட்டை நம்பாதீங்க, தொலைஞ்சா என்ன செய்வீங்க?" என்று கேட்கிறவள் நான்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் லேப்டாப் பழுது பார்க்கும் கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். அவர் அதை மேசையில் வைத்து, டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போலக் காதை வைத்துக் கேட்டார். நிமிர்ந்தபோது முகமே பதில் சொல்லிவிட்டது.

"ஹார்ட் டிஸ்க் போயிட்டு டீச்சர். சென்னைக்கு அனுப்பலாம். வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன். உள்ள உள்ளத எல்லாம் அங்கன ஆளுங்க தொறந்து பாத்துத்தான் எடுப்பாங்க. பரவால்லயா?"

பரவாயில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பெரிய ரகசியம் ஒன்றும் உள்ளே இல்லை. ஆனாலும் முகம் தெரியாத யாரோ சென்னையில் உட்கார்ந்து எங்கள் வீட்டுப் படங்களை ஒவ்வொன்றாகத் திறப்பதை நினைத்தால் ஒரு மாதிரி இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆசிரியர் அறையில் புலம்பிக்கொண்டிருந்தபோது கணக்கு டீச்சர் தலையை நிமிர்த்தினார். காயல்பட்டினத்துக்காரர். "இதுக்கா இவ்வளவு கவலைப்படுறீங்க? எங்க ஊர்ல என் தம்பி பொண்டாட்டி இருக்கா. பொம்பளைங்க கொண்டுவர்ற போன், லேப்டாப் மட்டும்தான் பாப்பா. எங்க பொண்ணுங்க போனைக் கடையில குடுக்க யோசிப்பாங்கல்ல, உள்ள வீட்டுப் போட்டோ எல்லாம் இருக்குமே. அப்படியே அவகிட்ட சேர்ந்துருச்சு கூட்டம். சனிக்கிழமை காலையில போங்க, நான் சொல்லி வைக்கேன்."

சனிக்கிழமை லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு திருச்செந்தூர் பஸ்ஸில் போனேன். ஆத்தூர் பாலத்துக்கு அப்புறம் சாலை கொஞ்சம் மோசம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் துண்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

காயல்பட்டினத்தில் இறங்கி வழி கேட்டுக் கேட்டுப் போனால், தெரு ஒடுங்கிக்கொண்டே வந்தது. கடைசி முடுக்கில் நானும் எதிரே வந்த ஒரு ஸ்கூட்டரும் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் கடக்க முடிந்தது. மாடியில் ஓர் அறை. முப்பது வயது இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. தலையில் முக்காடு, முக்காட்டுக்கு மேலே பட்டை போட்டுக் கட்டிய பூதக்கண்ணாடி. மேசை நிறைய வயர்களும் குட்டிக் குட்டி ஸ்க்ரூ டிரைவர்களும். ஓரத்தில் இரண்டு கம்ப்யூட்டர்கள் தம் பாட்டுக்கு ஏதோ செய்துகொண்டிருந்தன.

"வாங்க டீச்சர். எங்க மச்சி, உங்க கணக்கு டீச்சர், சொன்னாங்க. எங்க, பிள்ளையக் குடுங்க பாப்போம்."

லேப்டாப்பைக் கவிழ்த்து ஸ்க்ரூக்களைக் கழற்றினாள். இரண்டு துருவேறி வர மறுத்தன.

"வீடு கடல் பக்கமா?"

"நாலாவது தெரு."

"அதான். உப்புக் காத்தைக் குடிச்சே வளர்ந்திருக்கு."

உள்ளேயிருந்து சோப்பு டப்பா அளவுக்கு ஒரு தகட்டை எடுத்தாள். அதுதான் ஹார்ட் டிஸ்க். பத்து வருஷ வாழ்க்கை அவ்வளவுதான் இருந்தது. அதை ஒரு வயரில் மாட்டித் தன் கம்ப்யூட்டரோடு சேர்த்தாள். 'டிக், டிக்' என்றது. அப்புறம் சத்தம் நின்று, திரையில் எங்கள் வீட்டு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் அதைக் கவனித்தும் கவனிக்காதது மாதிரி இருந்தாள்.

"சந்தோஷப்படாதீங்க. இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்னு அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். இருபது நிமிஷம் ஓட்டுவேன், சூடானா நிறுத்தி ஆற விடுவேன். எப்ப வேணும்னாலும் மொத்தமா நின்னுரும். அதனால எது முதல்ல, எது ரெண்டாவதுன்னு வரிசை சொல்லுங்க."

இப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்பா இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அதனால் முதலில் அவர் வீடியோ என்றேன். அடுத்து வினாத்தாள்கள்.

அவள் பூதக்கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "இங்க 'கல்யாணம்'னு ஒண்ணு இருக்கு. அதை விடக் கேள்வித்தாளா முக்கியம்?"

"கல்யாண ஆல்பம் பீரோல இருக்கும்மா. பரீட்சை திங்கக்கிழமை."

சிரித்துக்கொண்டே ஓட விட்டாள். நான் வீட்டுக்குப் போன் போட்டேன். கணவர், "பத்திரம், பட்டா, அது ரெண்டையும் மொதல்ல எடுக்கச் சொல்லு" என்றார். மகளுக்குப் போட்டேன். "அம்மா, நாய் போட்டோ. மத்ததெல்லாம் என் போன்ல இருக்கு. நாய் மட்டும் போச்சுன்னா நான் ஊருக்கே வரமாட்டேன்" என்றாள். ஆக, அப்பா, வினாத்தாள், பத்திரம், நாய், பாட்டுகள், மற்றவை என்று வரிசை முடிவானது.

டிஸ்க் ஆறுகிற நேரங்களில் அவள் தேயிலைத் தண்ணியும் தம்மடையும் கொண்டுவந்தாள். தம்மடை அந்த ஊர் இனிப்பு, ரவையும் முட்டையும் சேர்த்துச் சுட்டது. இரண்டு துண்டு சாப்பிட்டேன். அவள் கணவர் சவூதியில் இருப்பதாகவும் வருஷத்துக்கு நாற்பது நாள் லீவில் வருவார் என்றும் சொன்னாள். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் சேர்ந்து இருந்தது ஒரு வருஷம்கூட முழுசாக வராது என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். வருத்தமாகச் சொல்லவில்லை. தெருவில் எல்லோருக்கும் அதே கணக்குத்தான் என்றாள்.

மதியம் வரை போராடினாள். அப்பா வந்தார். வினாத்தாள்கள் வந்தன. பத்திரம் வந்தது. நாய் முக்கால்வாசி வந்தது. பாட்டுகளில் பாதியில் 'டிக்' சத்தம் மறுபடி ஆரம்பித்து, ஃபோல்டர்கள் எல்லாம் திரையிலிருந்து மறைந்தன.

"முடிஞ்சுதா?" என்றேன்.

"இல்ல. இன்னொரு வழி இருக்கு. பேரு, ஃபோல்டர் எதையும் பாக்காம, டிஸ்க்குல படிக்க முடியுற இடத்தை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமா வழிச்சு எடுக்கணும். ஒரு வாரம் ஆகும். எல்லாம் பேரில்லாம வெறும் நம்பரா வரும், நீங்கதான் அடையாளம் சொல்லணும். ஒண்ணு சொல்லிறுதேன், நீங்க எப்பவோ அழிச்சதும் சேர்ந்து வரும்."

"அழிச்சது எப்படி வரும்?"

"அழிச்சா பேரைத்தான் அழிக்கும் டீச்சர். ஆளு உள்ளதான் இருப்பான், அந்த இடத்துக்கு வேற யாரும் வர்ற வரைக்கும்."

அடுத்த சனிக்கிழமை புது லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். பழையதிலிருந்து தேறிய மிச்சம் எட்டாயிரத்துச் சொச்சம் ஃபைல்கள், எல்லாம் நம்பர்கள். படங்களை அவள் மொத்தமாகவே புதுசுக்கு மாற்றிவிட்டாள். கடிதம், குறிப்பு மாதிரியானவற்றை மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து, இது வேணும், இது வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாதிக்கு மேல் பழைய மதிப்பெண் பட்டியல்கள்.

அப்படித் திறந்த ஒன்றில் ஆங்கிலத்தில் நாலு வரிக் கடிதம் இருந்தது. ஓமனில் ஒரு துறைமுகத்துக்கு எழுதியது. கீழே என் கணவர் பெயர். எட்டு வருஷத்துக்கு முந்தைய தேதி.

தங்கள் நியமன உத்தரவு கிடைத்தது, நன்றி. என்னால் சேர இயலாத நிலை. என் தகப்பனார் பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். அவரைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் வேறு ஆள் இல்லை.

இரண்டாம் தடவை படித்தேன். என் கணவரின் தகப்பனார் அவர் எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே இறந்துவிட்டார். எட்டு வருஷம் முன்பு எங்கள் வீட்டில் படுக்கையில் கிடந்தவர் என் அப்பா.

நாசரேத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. பக்கவாதம் வந்த பிறகு இரண்டு வருஷம் எங்கள் முன்னறையில் இருந்தார். தம்பிகளில் ஒருவன் சென்னையில், ஒருவன் ஆஸ்திரேலியாவில். எனக்குக் காலையில் பள்ளிக்கூடம். ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு அப்பாவைக் குளிப்பாட்டியது, முகம் மழித்தது, புண் வராமல் புரட்டிப் போட்டது எல்லாம் என் கணவர்தான். அது எனக்குத் தெரியும். அதற்காக அவர் எதை விட்டார் என்பது தெரியாது.

அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியாத் தம்பி வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் எல்லோரும் இருந்தோம். "அத்தான், நீங்க ஏன் வெளிய ட்ரை பண்ணக்கூடாது? உங்க அனுபவத்துக்கு கல்ஃப்ல கூப்பிட்டுக் குடுப்பானே" என்று கேட்டான். பதில் சொன்னது நான். "அவருக்கு இந்த ஊரை விட்டா மூச்சு முட்டும். முன்னேறணும்ங்கிற எண்ணமே கிடையாது" என்றேன். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அப்புறம் கை கழுவிவிட்டு, அப்பாவைப் புரட்டிப் போடுகிற நேரமாகிவிட்டது என்று உள்ளே போனார். கடிதத்தின் தேதி அதற்கு மூன்று மாதம் முந்தியது.

அந்தப் பெண்ணும் திரையைப் படித்தாள். படித்துவிட்டுச் சொன்னாள்: "கல்ஃப் வேலை வேணும்னு எழுதின லெட்டர் நூறு பாத்திருக்கேன் டீச்சர். வேண்டாம்னு எழுதினதை இந்த ஊர்ல இப்பத்தான் பாக்குறேன்."

பிறகு மவுஸில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள். "நீங்க இதுவரைக்கும் பாத்ததில்லன்னா, அவுங்க அழிச்சதுதானே. எடுக்கவா, விடவா?"

"எடும்மா" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கவில்லை. கணவர் பின்வாசலில் உட்கார்ந்து அரிவாள்மனையில் விளமீன் செதில் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"எல்லாம் கிடைச்சுதா?"

"கிடைச்சுது. நீங்க அழிச்சதும் கிடைச்சுது."

கை நின்றது. என்னைப் பார்த்தார். திருடன் அகப்பட்ட முழி.

"ஏளா, நான் வேணும்னு செய்யல. கை தவறிப் போச்சு. பிள்ளை அழுத அழுகைய பாத்தப்புறம் எப்பிடிச் சொல்லுவேன்? அதான் வைரஸ்னு சொல்லிட்டேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எந்தப் பிள்ளை? என்ன வைரஸ்?"

"ஆண்டு விழா டான்ஸ் வீடியோ. அவ ஒம்பதாங் கிளாஸ்ல ஆடுனது."

ஒன்பதாம் வகுப்பில் மகள் ஆடிய நடனத்தை அவர்தான் வீடியோ எடுத்தார். இரண்டே நாளில் அது காணாமல் போனது. அவள் ஒரு வாரம் சாப்பாட்டை ஒதுக்கி அழுதாள். வைரஸ் வந்து தின்றுவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். நான் பள்ளிக்கூடத்தில் போய் வைரஸைப் பற்றி மாணவிகளுக்கு எச்சரிக்கை வேறு செய்தேன்.

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அது இல்ல. ஓமன் லெட்டர்" என்றேன்.

அவர் மறுபடி மீனை எடுத்தார். இரண்டு தேய்ப்புத் தேய்த்தார்.

"அதுவா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீ போகச் சொல்லுவ."

"சொல்லியிருப்பேன்."

"அதான் சொல்லல."

எனக்குக் கோபமும் வந்தது. அதையும் எழுத வேண்டும். என் அப்பா, என் வீடு, என் சம்பளம், என் லீவு எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒருவராகவே முடிவெடுத்துவிட்டார். என்னிடம் கேட்டிருந்தால் வேறு ஏதாவது வழி பார்த்திருப்போம், ஒரு ஆளை வைத்திருப்போம். அப்படியே சொன்னேன். கேட்டுக்கொண்டார். "பாத்திருக்கலாம்தான்" என்றார். "அப்பம் தோணல."

"போதாததுக்குப் பொய் வேற எழுதியிருக்கீங்க. என் தகப்பனார்னு."

"மாமனாருக்கு முடியலன்னு எழுதுனா, அங்க உள்ளவன் இதெல்லாம் ஒரு காரணமான்னு கேப்பான்" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை விட்டுவிட்டு, மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "பொய் என்ன இருக்கு அதுல? எங்கப்பா போனப்புறம் என்னைய பேரு சொல்லித் திட்டுன ஒரே ஆளு அவருதான். சவரம் பண்ணும்போது எப்பிடித் திட்டுவாரு தெரியும்லா? வாய் கோணிப்போயிருந்தாலும் திட்டுல ஒரு எழுத்து குறையாது."

தெரியும். அடுப்படிவரை கேட்கும். நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் அன்று மேசையில் நான் சொன்னதை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். என்ன சொன்னாய் என்றார். சொன்னேன். "அப்பிடியா சொன்ன? ஞாபகமில்ல" என்றார். என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவருக்கு வராது. காது மடல் சிவந்துவிடும். நான் வேண்டுமென்றே அவர் காதைப் பார்க்கவில்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். "எந்திரி, செதில் ஒட்டும்" என்றார்.

அன்றைக்கே மகளுக்கு வீடியோ காலில் கூப்பிட்டு, நாய் வந்துவிட்டது என்ற நல்ல செய்தியைச் சொன்னோம். அவள் குதித்தாள். அந்த நல்ல நேரம் பார்த்து வைரஸ் கதையையும் சொல்லிவிடச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமி, சுற்றி வளைத்து, ஒருவழியாகச் சொன்னார்.

"அப்பா, ஒரு வாரம் நான் அழுதேன்."

"தெரியும்மா."

"வைரஸுக்கு நான் சாபம் விட்டேன்பா."

"எனக்குத்தான் வந்து சேர்ந்துச்சு. அந்த மாசம்தான் எனக்கு அம்மை போட்டுச்சு."

அவள் சிரித்துவிட்டாள். ஆனால் தண்டனை இல்லாமல் விடவில்லை. அந்த நடனத்தை அப்பா இப்போது ஆடிக்காட்ட வேண்டும் என்றாள். வீடியோ எடுக்கும்போது பார்த்ததுதானே, மறந்திருக்க முடியாது என்று பிடிவாதம். ஐம்பத்துநாலு வயது மனிதர், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடத்தில் நின்று இடது பக்கம் நாலு அடி, வலது பக்கம் நாலு அடி வைத்து, கடைசியில் ஒரு சுற்றுச் சுற்றினார். சுற்றும்போது நாற்காலியில் இடித்துக்கொண்டார். மகள் அதைப் பதிவு செய்து வைத்துவிட்டாள். இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைத்திருப்பதாக எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினாள்.

இரண்டு நாள் கழித்து, புது லேப்டாப்பிலிருந்து அந்த நாலு வரிக் கடிதத்தை இரண்டு தம்பிகளுக்கும் அனுப்பினேன். கணவரிடம் கேட்கவில்லை. அவர் என்னிடம் கேட்காமல் ஒன்று செய்தார், நான் அவரிடம் கேட்காமல் ஒன்று செய்தேன். சென்னைத் தம்பி உடனே எனக்குப் போன் போட்டு அழுதான். ஆஸ்திரேலியாத் தம்பி எனக்குப் போடவே இல்லை. மறுநாள் மாலை நேராக என் கணவருக்குப் போட்டான்.

அவர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பதினைந்து தாள் முடிந்தது, அவர் இறங்கவில்லை. முப்பது தாள் முடிந்தது. துணி எடுக்கிற சாக்கில் மேலே போனேன். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து, போனைக் காதில் வைத்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போ என்று கையை ஆட்டினார்.

இறங்கி வந்தபோது விளக்கு வைத்தாயிற்று.

"என்ன சொல்லுதான்?" என்றேன்.

"ஒண்ணுமில்ல. அங்கன வெயில் தாங்கலயாம்."